கடல் கடந்த காம்லான்

பாலித் தீவின் வெண்கலக் கருவிக் கூட்டிசையான காம்லானை வெளிநாட்டு மேடைகளில் கேட்பவர்கள் மரபு ஒரு பக்கம், சோதனை ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று மரபென்று அறிவிக்கப்படும் கெப்யார் பாணியே 1915 வாக்கில் வடபாலியில் வெடித்துக் கிளம்பிய புதுமைதான். அதன் வேகத்தில் மயங்கி, அரண்மனைக் காலத்து நிதானமான காம்லான் தொகுதிகளை உருக்கிக் கெப்யார் கருவிகளாக வார்த்துக்கொண்ட ஊர்களும் உண்டு.

பாலியின் பெலியாத்தான் ஊர்க் கலைஞர்கள் 1931இல் பாரிஸ் கண்காட்சியில் வாசித்தார்கள். 1952இல் இசைக்கலைஞர் மண்டேராவின் தலைமையில் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார்கள். அந்தப் பயணத்துக்கென்றே நடனக் கலைஞர் மாரியோ அமைத்துக் கொடுத்த ஆட்டம் ‘ஓலெக் தம்புலிலிங்கான்’. அயலார் ரசிக்கப் பிறந்த அது இன்று பாலிச் சிறுமிகளின் பாடத்தில் இருக்கிறது. மரபு எங்கே முடிந்து புதுமை எங்கே தொடங்குகிறது, சொல்லுங்கள்!

வெளிநாட்டார் தாங்களே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியது அடுத்த கட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழிவிட்டன. 1979இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில், பாலிக் கலைஞர் வாயான் சுவேச்சாவும் அமெரிக்கர் மைக்கேல் டென்சர், ரேச்சல் கூப்பர் ஆகியோரும் தொடங்கிய ‘செகார் ஜயா’ குழு, 1985இல் பாலிக்கே சென்று வாசித்தது.

இத்தகைய குழுக்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது? ‘கோட்டேகான்’ என்ற பின்னல் வாசிப்பைக் கொண்டுதான். ஒருவர் ‘போலோஸ்’ வாசிக்க, இன்னொருவர் ‘சங்சிஹ்’ என்ற எதிர்வரிசையால் இடைவெளிகளை நிரப்புவார். ஒற்றைக் கையால் எட்டமுடியாத வேகம் இருவர் சேர்ந்ததும் ஒரே ஓட்டமாகக் கேட்கும். வலக்கைச் சுத்தி அடுத்த வெண்கலப் பட்டையில் விழும் நொடியிலேயே இடக்கை விரல்கள் முந்தைய பட்டையைப் பிடித்து ஒலியை அடக்கவேண்டும். பிடி கொஞ்சம் தாமதித்தாலும் எல்லாம் குழம்பிவிடும். தனியாளின் வித்வத்துக்கு இங்கே மதிப்பு குறைவு.

இன்னொரு அளவுகோல் ‘ஓம்பாக்’ என்ற ஒலித்துடிப்பு. நாம் சுருதியை இம்மி பிசகாமல் சேர்ப்போம். அவர்களோ ஜோடிக் கருவிகளில் ஒன்றைச் சற்றுத் தாழ்த்தியே வார்க்கிறார்கள். அந்த வேறுபாட்டில்தான் ஒலி அலையலையாகத் துடிக்கிறது. ஒவ்வொரு காம்லான் தொகுதிக்கும் தனிச் சுருதி என்பதால் ஓர் ஊர்க் கருவியை வேறொரு ஊர்த் தொகுதியோடு சேர்க்கமுடியாது. மின்கித்தாரை வெறுமனே பக்கத்தில் வைத்துவிட்டுப் ‘புதுமை’ என்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

அமெரிக்க இசையமைப்பாளர் இவான் ஜிபோரின் அப்படித் தடுமாறவில்லை. 1993இல் எம்.ஐ.டி.யில் அவர் நிறுவிய ‘கலாக் டிக்கா’ குழுவுக்காக எழுதிய ‘டயர் ஃபயர்’ மின்கித்தார்களையும் காம்லானையும் மோதவிடுகிறது. சில இடங்களில் காது வலிக்கிறது என்பதும் உண்மை. அதைவிடத் துணிச்சல் பாலியிலேயே இருக்கிறது. இசையமைப்பாளர் தேவா அலித் 2007இல் தொடங்கிய ‘சலுகாத்’ குழு, அவரே வகுத்த சுர அமைப்பில் வார்க்கப்பட்ட கருவிகளோடு உலக மேடைகளில் வாசிக்கிறது. அங்கே கோட்டேகான் சிதைகிறது, திரிகிறது. ஆனால் இசையைத் தாங்குவது அதுதான். என் கணக்கில் இது அசல் பாலி இசை. காம்லானை வெறும் வண்ணமாகத் தூவும் கலவை இசை அப்படியல்ல.

1928இல் ஓடியான், பேக்கா நிறுவனங்கள் பாலியில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீயைக் கப்பலேறிப் பாலிக்குப் போகவைத்தவை அவைதான். முதலில் அவற்றைக் கேளுங்கள். பிறகு சலுகாத்துக்கு வாருங்கள்.