கல்லும் மயிலிறகும்: ஒரு பழைய படத்தின் எடைக் கணக்கு

1954ல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தைப் போன வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். முதல் இரண்டு தடவையும் சிரித்துவிட்டு எழுந்து போனவன்தான். இந்தத் தடவை பாதியில் நிறுத்தி, பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கணக்கு முடிந்தபோது படத்தின் மேல் ஒரு சின்னக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயம்தானா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு விளக்கம். டிரெய்லர் என்றால் இங்கே பட முன்னோட்டம் இல்லை. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. அமெரிக்காவில் டிரெய்லர், பிரிட்டனில் கேரவன். நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அதற்குத் தனியாக எஞ்சின் உண்டு. இதற்குக் கிடையாது. இழுப்பது மொத்தமும் குடும்பக் கார்.

வின்சென்ட் மினெல்லி இயக்கிய படம். 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரால் அமெரிக்கா முழுக்கத் தெரிந்திருந்த லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் ஜோடி. நிஜ வாழ்க்கையிலும் அப்போது கணவன் மனைவி. கதை எளிமையானது. நிக்கி ஒரு சிவில் எஞ்சினியர். வேலை ஊர் ஊராக மாறும். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகும் டேசி, வீட்டுக்குப் பதிலாக ஒரு டிரெய்லர் வாங்கலாம் என்கிறாள். சின்னதாக ஒன்றைப் பார்க்கப் போனவர்கள் 36 அடி நீளத்தில் மஞ்சள் நிற 'நியூ மூன்' ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். அதற்கப்புறம் செலவு வரிசையாக வருகிறது. கொக்கி, பிரேக், இழுக்கத் தெம்புள்ள கார்.

பயணம் தொடங்கியதும் டேசி போகிற இடத்திலெல்லாம் ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்துக்கொள்கிறாள். பழங்கள் வாங்கிப் பாட்டில் பாட்டிலாகப் பதப்படுத்தி வைக்கிறாள். ஒரு பெரிய மலையைக் கடக்க வேண்டிய கட்டம் வருகிறது. எடை தாங்காது, கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் நிக்கி. அவள் சரி என்று சொல்லிவிட்டு ஒளித்து வைக்கிறாள். குறுகலான மலைப்பாதையில் இருவரும் பயத்தில் ஏதேதோ பேசிக்கொண்டே ஏறுகிற காட்சி இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. பிறகு கல் விஷயம் தெரிந்து பெரிய சண்டை, பிரிவு, மழை, சமாதானம்.

இப்போது என் கணக்கு. மனிதத் தலையைவிடக் கொஞ்சம் பெரிய, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கருங்கல் கிட்டத்தட்ட 11 கிலோ இருக்கும். அப்படிப் பத்துக் கல் என்றால் 110 கிலோ. அடுப்பு, குளியலறை, கட்டில் எல்லாம் உள்ள 36 அடி வீட்டின் எடை டன் கணக்கில்தான் இருக்கும். அதில் 110 கிலோ என்பது சில சதவீதம். ஒரு வண்டி மலை ஏற முடியாமல் தவிக்கிறது என்றால் காரணம் அந்தச் சில சதவீதம் இல்லை. மிச்சமிருக்கிற தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம்தான். அதை வாங்கியது ஷோரூமில், இரண்டு பேருமாகச் சேர்ந்து. கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்றவன் ஒரு எஞ்சினியர்!

என் கோபம் இங்கேதான். நடந்த தப்பைக் கற்கள் மேல், அதாவது டேசி மேல், படம் போட்டுவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதை முழுக்க நிக்கி ஒரு அந்நியரிடம் சொல்லும் ஃபிளாஷ்பேக். நாம் கேட்பது அவன் தரப்பு வாக்குமூலம். அதில் கல்லை எடுத்தவள் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

சரி, சினிமாதானே, சிரிக்க வைக்கக் கல் வசதியாக இருக்கிறது, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விட முடியாததற்குக் காரணம், இதே தப்பு இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக நடக்கிறது. அங்கே கல் எதுவும் இருப்பதில்லை.

பிரிட்டனில் நடப்பதை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, ஆனால் நடுத்தரக் குடும்பத்து வண்டிகளுக்குப் பக்கத்தில் வரும். ஒரு கேரவன் தொழிற்சாலையை விட்டு வரும்போது 1,350 கிலோ. சாமான் ஏற்றிய பிறகு இருக்கக்கூடிய உச்ச எடை 1,500 கிலோ என்று அதன் தகட்டில் இருக்கிறது. ஆக, குடும்பம் ஏற்றக்கூடியது 150 கிலோ.

கேட்கும்போது நிறையத்தான் தெரிகிறது. இப்போது ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கேரவனை நிறுத்துமிடத்தில் நகர்த்த உதவும் மோட்டார் 35 கிலோ, பாட்டரி 25, வாசலில் கட்டும் முன்கூடாரம் 30. தொண்ணூறு போயாச்சு. மீதி 60. நாலு பேருக்குத் துணி, போர்வை, தலையணை, மழைக்கோட்டு, ஷூ என்று தலைக்கு 15 கிலோ வைத்தால் அதுவும் தீர்ந்தது. இன்னும் பாத்திரம் ஏறவில்லை, அரிசி பருப்பு ஏறவில்லை, மடக்கு நாற்காலி ஏறவில்லை. போகிற இடத்தில் தண்ணி கிடைக்குமோ என்னவோ என்று 40 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் இன்னொரு 40 கிலோ.

இந்தப் பட்டியலில் யாராவது குற்றவாளியா? தலையணையைத் தூக்கி மலையிலிருந்து எறிந்துவிட்டு மனைவியிடம் கத்த முடியுமா? மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான். அவர் கல்லைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கல் கனக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதைத் தூக்கும்போதே யோசிப்போம். இறகை யாரும் யோசிக்கமாட்டோம். மினெல்லியின் படம் கல்லைத் தேர்ந்தெடுத்தது சிரிப்புக்குச் சரி, உண்மைக்குச் சரியில்லை.

காரின் பக்கம் வருவோம். காலி எடை 1,600 கிலோ. ஆளும் சாமானும் ஏறிய உச்ச எடை 2,150. இழுக்கக்கூடியது 1,800 என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். நம் கேரவன் 1,500தானே, 300 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று குடும்பம் நிம்மதியாகிவிடும். ஆனால் காரில் ஒட்டியிருக்கும் தகட்டில் இன்னொரு எண் உண்டு. காரும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது. அது 3,650 என்று வைத்துக்கொள்வோம். காரைக் கழுத்துவரை நிரப்பினால் 2,150. கழித்தால் 1,500. மிச்சம் என்று நினைத்த 300 கிலோ ஆவியாகிவிட்டது. தண்ணித் தொட்டி நிரப்பிய அன்றைக்கு எல்லை தாண்டியாச்சு.

இதோடு முடியவில்லை. கேரவனின் மூக்கு காரின் கொக்கியை அமுக்கும் எடை ஒன்று உண்டு. மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருந்தால் நல்லது என்பது பொது வழக்கம். 1,500க்கு அது 75 முதல் 105 கிலோ. அது காரின் மேல் ஏறுகிற சுமை. நாலு பேர் உட்கார்ந்து, டிக்கியும் நிறைந்த பிறகு இன்னொரு பெரியவர் பின்னால் தொற்றிக்கொண்ட மாதிரி. கொக்கிக்கும் தனியாக ஒரு உச்ச அளவு இருக்கிறது. அதற்குப் பயந்து கனமானதையெல்லாம் கேரவனின் பின்பக்கம் தள்ளினால், நெடுஞ்சாலையில் கேரவன் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். கனம் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கணும்.

பிரிட்டனில் புதியவர்களுக்கு ஒரு அறிவுரை சொல்வார்கள். கேரவனின் சுமையேறிய உச்ச எடை, காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று. இது சட்டம் இல்லை, பழக்கத்தில் வந்த எச்சரிக்கை. நம் உதாரணத்தில் 1,600க்கு 85 சதவீதம் 1,360. நாம் வாங்கியதோ 1,500, அதாவது கிட்டத்தட்ட 94 சதவீதம். தகட்டுக் கணக்கில் பாஸ், அனுபவக் கணக்கில் ஃபெயில். விற்பவர் முதல் கணக்கை மட்டும் காட்டினால் அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

மலைக்கு வருவோம், ஏனென்றால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு காருக்கு இழுவை எடை நிர்ணயிக்கும்போது, 12 சதவீதச் சரிவில் நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்ப முடிகிறதா என்று பார்ப்பார்கள். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் மூச்சு வாங்குகிறது. 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று மொத்த எடையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். படத்தில் அவர்கள் ஏறுவது 8,000 அடி, அதாவது 2,400 மீட்டருக்கு மேல். 1953 மாடல் கார்புரேட்டர் எஞ்சின் அந்த உயரத்தில் தன் சக்தியில் கிட்டத்தட்ட கால்வாசியை இழந்திருக்கும். பத்துக் கல்லை எறிந்திருந்தாலும் இந்தக் கால்வாசி திரும்ப வந்திருக்காது.

படத்துக்கு நியாயமாகவும் இரண்டு விஷயம் சொல்லணும். ஒன்று, வாங்கிய விலை என்பது ஆரம்பம்தான், இழுக்கிற செலவு பின்னால் வரும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் வேறு நான் பார்த்ததில்லை. டிரெய்லரின் பிரேக்கை முதலில் போடு என்று நிக்கியின் மண்டையில் ஏற்றுகிற காட்சி, காமெடி வேஷத்தில் வந்த நல்ல பாடம். இரண்டு, கல் எடையில் சின்னதாக இருந்தாலும் கட்டிவைக்காத கல் உருளும். வளைவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் சுமை, அசையாத சுமையைவிட மோசம். அந்த அளவில் நிக்கியின் பயம் நிஜம். அவள் ஒளித்ததும் தப்புதான்.

ஆனாலும் படத்தில் இல்லாத ஒரு காட்சியை நான் தேடிக்கொண்டே இருந்தேன். கரும்பு லாரிகளும் மணல் லாரிகளும் வரிசை கட்டும் வே பிரிட்ஜ் நமக்கெல்லாம் தெரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவான எடை மேடைகள் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள், பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாம் ஏற்றி, நாலு பேரும் காரில் உட்கார்ந்து, அந்த மேடையில் வண்டியை நிறுத்தினால் போதும். பத்து நிமிஷம். கார் எவ்வளவு, கேரவன் எவ்வளவு, இரண்டும் சேர்த்து எவ்வளவு என்று சீட்டு வந்துவிடும். கொக்கி எடையைத் தனியாக ஒரு சின்னக் கருவியில் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சினியர் நிக்கி அந்தச் சீட்டை டேசியின் கையில் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எதை விடுவது என்று பேசியிருப்பார்கள். ஒருவேளை ஏழு கல்லை விட்டுவிட்டு மூன்றை வைத்துக்கொண்டிருப்பாள். ஒருவேளை, இந்த வீடே நமக்குப் பெரிசு என்று அவளே சொல்லியிருப்பாள். அவனோ எண்ணைத் தன் மனசிலேயே வைத்துக்கொண்டு கட்டளையை மட்டும் அவளிடம் கொடுத்தான். படம் முடியும்போது இருவரும் மழையில் சேர்ந்துவிடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் திரும்பிப் போகிற அந்த டிரெய்லர் இன்னும் அதே 36 அடிதான்.