முறையீடும் நம்பிக்கையும்: அபக்கூக்கு நூல் குறித்து ஒரு திறனாய்வு

ஏனைய இறைவாக்கினர் பெரும்பாலும் இறைவனின் சொல்லை மக்களிடம் எடுத்துரைத்தனர். அபக்கூக்கோ மக்களின் துயரை இறைவனிடம் எடுத்துரைக்கின்றார். மூன்றே அதிகாரங்கள் கொண்ட அவரது நூல், ஒரு மனிதர் கடவுளோடு தொடுத்த வழக்காகவே தொடங்குகின்றது.

யூதாவில் வன்முறை மலிந்து நீதி செயலற்றுக் கிடக்க, ஆண்டவர் எவ்வளவு காலம் செவிசாய்க்காதிருப்பார் என்பது முதல் முறையீடு. கிடைத்த மறுமொழியோ ஆறுதலளிப்பதாக இல்லை: கல்தேயர் படையெடுத்து வருவர் என்பதே அது. நூலின் உண்மையான சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. தீயவனைத் தண்டிக்க அவனினும் தீயவனையா கருவியாக்குவது? மக்களினங்களை மீன்களென வாரிக்கொண்டு, வாரிய வலைக்கே பலி செலுத்தும் மீனவனாகக் கல்தேயனைக் காட்டும் உருவகம் ஆழமானது. தன் படைபலத்தையே தெய்வமாக்கிக்கொள்ளும் பேரரசுகளின் இயல்பை அது துல்லியமாக உணர்த்துகின்றது.

இரண்டாம் முறையீட்டை முடித்தவர் அகன்றுவிடவில்லை. காவல் கோபுரத்தில் நின்று மறுமொழிக்குக் காத்திருக்கின்றார். அம்மறுமொழியின் மையத்தில் உள்ளது 'எமூனா' என்னும் எபிரேயச் சொல். நம்பிக்கை என்றும் பற்றுறுதி என்றும் இதனைப் பெயர்க்கலாம். நேர்மையாளர் அதனால் வாழ்வு பெறுவர் என்னும் கருத்தைப் புனித பவுல் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய திருமுகங்களில் எடுத்தாள்கின்றார். ஆயினும் அதனைத் தொடர்ந்து வரும் ஐந்து கேட்டுரைகளை நாம் மறந்துவிடுகின்றோம். கொள்ளைப் பொருள் குவிப்பவன், இரத்தப்பழியால் நகரெழுப்புபவன் முதலியோர்மீது கூறப்படும் அத்தீர்ப்பு, கல்தேயனையும் அதே தராசில் நிறுத்துகின்றது. இறைவனின் கருவியாக இருந்தமை அவனைக் காப்பாற்றவில்லை. வலியவனுக்கு ஒரு நீதி, எளியவனுக்கு ஒரு நீதி என்பது அங்கில்லை. ஒடுக்கப்பட்டோருக்கு இறைத்தீர்ப்பு அச்சமாக அன்றி நம்பிக்கையாக ஒலிப்பது இதனாலேயே.

இறுதி அதிகாரம் இசைக்குறிப்புகளோடு கூடிய பாடல். அத்தியும் ஒலிவமும் பொய்த்து, தொழுவம் வெறுமையான நிலையிலும் ஆண்டவரில் களிகூரும் அதன் முடிவு மறையுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஆனால் அதற்குச் சற்று முன்னரே, தம் உதடுகள் துடித்ததையும் உடல் நடுங்கியதையும் இறைவாக்கினர் மறைக்காமல் சொல்லிவிடுகின்றார். அந்நடுக்கத்தை விலக்கி, களிப்பை மட்டும் போதிப்போர் துன்புறுவோரை வாயடைக்கவே செய்கின்றனர். கூலி மறுக்கப்பட்டவரும் நிலம் பறிக்கப்பட்டவரும் எழுப்பும் முறையீட்டை விசுவாசக் குறைவெனக் கண்டிப்பவர், இந்நூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் கிழித்தெறிபவரே ஆவர்.

எல்லா வினாக்களுக்கும் நூல் விடையளித்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எருசலேம் கி.மு. 587இல் வீழ்ந்தது, பாபிலோன் பாரசீக மன்னர் சைரசிடம் வீழ்ந்ததோ கி.மு. 539இல்தான். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் நீதியைக் காணாமலே மாண்டவர் எத்தனை பேர்! அவர்களைப் பற்றி அபக்கூக்கு ஒன்றும் கூறவில்லை. கிறிஸ்துவின் உயிர்ப்பின் ஒளியிலேயே நாம் அதற்கு விடை காண முயல்கின்றோம்.

தானியேல் நூலின் 14ஆம் அதிகாரத்தில் அபக்கூக்கு மீண்டும் தோன்றுகின்றார். அறுவடை செய்வோருக்கு உணவு எடுத்துச் சென்றவரை, வானதூதர் தலைமுடியைப் பற்றித் தூக்கிச் சென்று, பாபிலோனில் சிங்கக் குகையில் கிடந்த தானியேலிடம் சேர்க்கின்றார். பாபிலோனைக் குறித்து வழக்காடியவர், அங்கே துன்புறும் ஒருவருக்கு உணவளிக்க அனுப்பப்படுகின்றார்! இறைவனின் தீர்ப்பை நம்பிக் காத்திருத்தல் என்பது கைகட்டி நிற்றலன்று. தீர்ப்பு தாமதிக்கும் காலமெல்லாம் குகைகளில் கிடப்போருக்கு உணவு வேண்டும். அதனைச் சுமந்து செல்லும் பொறுப்பு, முறையிடத் துணிந்த நமக்கே உரியது.