இரண்டு கையையும் விட்டால்

பாஞ்சாலிக்குச் சேலை வளர்ந்த கதையைச் சொல்லும் காலட்சேபக்காரர்கள் ஓரிடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணனைக் கூப்பிட்டவரை அவன் வரவில்லையாம். இரண்டு கையையும் விட்டுத் தலைக்குமேல் குவித்த பிறகுதான் வந்தானாம். கேட்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பக்திப் பேச்சில் இதைவிடச் செல்வாக்கான காட்சி இல்லை. எனக்கோ இதைவிட உறுத்தலான காட்சியும் இல்லை. துகிலை உரிகிறவன் கை வலுவாக இருக்கும்போது, காப்பாற்ற வருகிறவன் அவளுடைய கை தளரக் காத்திருக்கிறான்.

அதே சபையில் அவள் சட்டம் பேசினாள். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று கேட்டாள். வியாசரிலும் அந்தக் கேள்வி உண்டு, நம் பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் உண்டு. பெரியவர்கள் பதில் சொல்லமாட்டாமல் விழித்த பிறகுதான் அவள் கடவுளிடம் போனாள். மேடைகளில் கேள்வி இரண்டு நிமிடத்தில் கடந்துபோகிறது, கண்ணீர் அரைமணி நேரம் ஓடுகிறது. சரணாகதி ஒரு வழக்கின் தோல்விக்குப் பின் வருகிறது என்பதை மறைத்துவிட்டால், அது பெண்ணின் இயல்பான குணம்போலத் தெரியத் தொடங்கிவிடும்.

வைணவத்தில் இதைப் பற்றி ஒரு நீண்ட வாதமே நடந்திருக்கிறது. வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாருக்கு உயிர் குரங்குக்குட்டி மாதிரி, தாயை அது பற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாருக்குப் பூனைக்குட்டி மாதிரி, தாயே கவ்விக்கொண்டு போகும். கவ்விக்கொண்டு போக ஒருவருமில்லாத குட்டியைப் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை.

பெரியபுராணத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் படிக்கலாம். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். நான்கு முறையும் காப்பு வந்தது. அவருடைய அக்கா திலகவதிக்குத் தகப்பன் போனார், தாய் போனாள், மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். ஒன்றுக்கும் அற்புதம் நிகழவில்லை. சாகத் துணிந்தவளைத் தடுத்தது தெய்வமல்ல, காலில் விழுந்து அழுத தம்பி. பிறகு அவள் திருவதிகையில் அலகிட்டு மெழுகி, தம்பிக்காக வேண்டினாள். அந்த ஒரு வேண்டுதல் மட்டும் உடனே கேட்கப்பட்டது. தனக்கென்று அவள் எதையாவது கேட்டாளா என்று சேக்கிழார் சொல்வதில்லை.

காரைக்காலம்மையார் தனக்காகக் கேட்டவர். கேட்டதோ ஒரு மாம்பழம். கணவன் அனுப்பிய இரண்டில் ஒன்றை அடியாருக்குக் கொடுத்துவிட்டாள், அவன் அதையும் கேட்கிறான். ஒரு பழம் குறைந்ததற்குத் தெய்வத்தை அழைக்கவேண்டிய பயம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. விரிவுரைகளில் இந்தப் பயத்தை நாம் தொடுவதேயில்லை. பழம் வந்தது. ருசி வேறாக இருக்கிறதே என்று கேட்டவனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் இன்னொன்று கேட்க, அதுவும் வந்து மறைந்தது. அஞ்சியவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். காப்பாற்றப்பட்டதாலேயே அவள் குடும்பத்தை இழந்தாள். அதன்பின் அவள் கேட்டது பேயுருவம், எவனும் பழம் கேட்க முடியாத உடல்.

இதையெல்லாம் பாடம் நடத்திவிட்டு, "சாமி பாத்துக்கிருவா" என்று சொல்லும் ஏலத்தோட்டப் பெண்ணைப் போலிப் பிரக்ஞை என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெண்ணியம் பேசும் நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்தை யார், எங்கே சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

போடிநாயக்கனூரில் விடியுமுன்னே ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அளவுக்கு மேல் ஆளேற்றிய வண்டியில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கை தூக்குச்சட்டியை அணைத்திருக்கும். மேலே பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்தும் குத்தவைத்தும் செடியின் அடியில் ஓடும் சரத்திலிருந்து காய் எடுக்க வேண்டும். மருந்தடித்த செடிகள், மழை வந்தால் அட்டை. வளைவில் வண்டி சாயும்போது "கௌமாரி, நீதான்" என்கிறாள் ஒருத்தி. கம்பியைப் பிடித்த கையை அவள் விடுவதில்லை. காலட்சேபக்காரரின் இலக்கணத்தில் இது அரைகுறைப் பக்தி.

அதே வாக்கியத்தைக் கங்காணி சொன்னால் பொருள் மாறிவிடுகிறது. "எல்லாம் சாமி பாத்துக்கும், ஏறுங்க" என்றால், இன்னொரு வண்டி விடமாட்டேன் என்று அர்த்தம். அவள் வாயில் அச்சத்துக்கு இடம் தருகிற சொல், அவன் வாயில் பொறுப்பைக் கைகழுவுகிற சொல்லாகிவிடுகிறது. நம் விமர்சனம் போகவேண்டியது இரண்டாவது வாயை நோக்கி. முதலாவதைத் திருத்தப் போவது, இறங்கி வருகிறவளுக்குச் சோறுபோடாமல் உபதேசம் செய்கிற மாதிரி.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ பிடித்தது. மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். பெண்கள் பலர், மகளிர் நாளை ஒட்டி வந்தவர்களும் இருந்தார்கள். முதலில் ஓடிப்போனவர்கள் மலையடிவார ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும். போர்வையில் கிடத்தி டோலி கட்டிச் சுமந்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது பிறகு. டீக்கடைகளில் மறுநாள் எழுந்த கேள்வி, பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை என்பது. தினமும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறுகிற ஊரில்தான் இதைக் கேட்டார்கள். கூலிக்குப் போனால் அது வேலை, பார்க்கப் போனால் திமிர். பிழைத்தவர்களைச் சாமி காப்பாற்றியது என்றார்கள். அப்படியானால் மற்றவர்களைச் சாமி கைவிட்டதா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். சுமந்தவர்களின் தோளைச் சாமி என்று சொல்லிப் பாரேன் என்றேன். அவள் ஒப்பவில்லை. தோளுக்குத் தோள் என்றே பெயரிருக்கட்டும் என்றாள். அவள் சொன்னதே சரி என்று இப்போதும் படுகிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், தேயிலையில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள். தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் விடிய வேண்டியிருந்தது. அந்த லயத்தில் கூப்பிடாத தெய்வம் இருந்திருக்காது. வேண்டியது செங்குத்துச் சரிவில் அமையாத ஒரு வீடும், வேலைசெய்யும் ஒரு போனும். இதைக் கேட்கக் கடவுள் மறுப்பாளராக இருக்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் அதே மூணாற்றில் போனஸுக்காக ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்த 'பொம்பிளை ஒருமை' பெண்கள் ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். அவர்கள் சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டுப் போராட வந்தவர்கள் அல்ல.

தேனிப் பக்கத்துப் பெண்களின் வழிபாட்டைச் சரணாகதி என்ற சொல்லால் அளப்பதே பொருந்தவில்லை. அவர்கள் சொல் நேர்த்திக்கடன். கடனில் இரண்டு தரப்பு உண்டு. நீ பிள்ளையைப் பிழைக்க வை, நான் சட்டி எடுக்கிறேன். அவள் செய்யாவிட்டால் இவளும் செய்யமாட்டாள், சமயத்தில் ஏசவும் ஏசுவாள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனால் தீச்சட்டி ஏந்திய பெண்களைப் பார்க்கலாம். வேப்பிலை, மஞ்சள் சேலை, சட்டியில் எரியும் நெருப்பு. அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி நடக்கிறார்கள்.