பவுண்டுக் கணக்கும் பாகைக் கணக்கும்: மரபுவில் தேர்வு குறித்து

காட்டுச் சரிவிலும் ஓடைக்கரையிலும் இலக்குகளை வெவ்வேறு தூரத்தில் நட்டுவைத்து, ஒவ்வொன்றாக நடந்து சென்று எய்யும் விளையாட்டு கள வில்வித்தை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு நெடுங்காலப் பற்றாளர்கள் உண்டு. அவர்களில் ஒரு சாரார் குறிகாட்டியோ நிலைப்படுத்தும் தண்டோ பூட்டாத மரபுவில்லைத்தான் தொடுவார்கள். அம்பு நுனியைப் பார்ப்பதில்லை, தூரத்தைக் கணக்கிடுவதில்லை. இலக்கில் ஒரு புள்ளியை வெறித்துப் பார்த்து நாணை விடுகிறார்கள். உள்ளுணர்வு எய்தல் என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. மாங்காய்க்குக் கல் எறிகிற பையன் தூரத்தை அளந்தா எறிகிறான்? பல நூறு முறை எறிந்த கை தானே அளந்துகொள்கிறது. ஆனால் வில்லில் இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முறையும் இழுப்பு ஒன்றாக இருக்க வேண்டும், அம்பு ஒன்றாகப் பறக்க வேண்டும். குறிகாட்டி வைத்திருப்பவர் வில்லின் குணம் மாறினால் திருகாணியைத் திருகிச் சரிசெய்துகொள்வார். உள்ளுணர்வில் எய்பவருக்குத் திருக எதுவும் இல்லை. பழகிய உடம்பு ஒன்றுதான் கருவி. அதனால் வில்லைத் தேர்ந்தெடுப்பது இவருக்குத்தான் கூடுதல் முக்கியம். வேடிக்கை என்னவென்றால், இவர்கள்தான் அதைக் கதைகளை நம்பிச் செய்கிறார்கள்.

கதைகளுக்குக் குறைவில்லை. 1938இல் வந்த ராபின் ஹூட் படத்துக்கு அம்பெய்த ஹோவர்ட் ஹில், நூறு பவுண்டுக்கு மேற்பட்ட இழுவிசையுள்ள வில்களை இழுத்தவர். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை நூறு பவுண்டைத் தாண்டியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இவற்றைப் படித்துவிட்டு வருபவர் நாற்பது பவுண்டு வில்லைக் கையில் எடுக்கவே கூச்சப்படுகிறார். அந்தக் கப்பலின் வில்லாளிகள் சிறுவயது முதல் பழகியவர்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே இருப்பதற்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகிறவருக்கு அந்தத் தோள் ஏது?

கனமான வில்லுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. வேகமான அம்பு தட்டையாகப் போகும்; தூரத்தைத் தவறாக உணர்ந்தாலும் இழப்பு குறையும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் தடையை விட்டுவிட்டால், நொடிக்கு 52 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு, 25 மீட்டர் தூரத்தை 3 மீட்டர் தவறாக உணர்ந்தவருக்கு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் மேலோ கீழோ விலகும். 45 மீட்டர் வேகமுள்ள அம்பு 18 சென்டிமீட்டர் விலகும். வேகத்தால் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். அதே 25 மீட்டரில், கை நடுங்கி ஒரே ஒரு பாகை பிசகினால் விலகல் 44 சென்டிமீட்டர்! இழுக்க முடியாத வில்லை முக்கி இழுப்பவரின் கை ஒரு பாகைக்குள் நிற்குமா? முழு இழுப்புக்கு வருமுன்பே நாணை விட்டுவிடும் பழக்கமும் இங்கிருந்துதான் தொற்றுகிறது. அது தொற்றினால் எளிதில் போகாது.

எனவே இழுவிசையை எடைபோட என்னுடைய அளவுகோல் எளிமையானது: முழு இழுப்பில் நிதானமாகச் சில நொடி நிற்க முடிகிற வில், நாள் முழுக்க 24 இலக்குகளைச் சுற்றி நடந்தபின் கடைசி இலக்கிலும் அப்படியே நிற்க முடிகிற வில். புதிதாக வரும் பெரியவர்கள் பலருக்கு அது 30 பவுண்டுக்கும் 35க்கும் இடையில் அமையும். வில்லில் பொறித்திருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். நாற்பது என்று வாங்கியதை 26 அங்குலம் இழுப்பவர் உண்மையில் 35ஐத்தான் தாங்குகிறார்.

அடுத்தது லாங்போவா, ரிகர்வா என்ற பழைய சண்டை. லாங்போவின் கைகள், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள், குறுகலாக, தடித்து இருக்கும். பிடி சற்றுத் திருகினாலும் அவை எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை. சேற்றில் மண்டியிட்டு, கிளைக்கு அடியில் உடம்பை வளைத்து எய்யும்போது இந்தப் பொறுமை பெரிய வரம். ஆனால் எடை குறைவு என்பதால் நாண் விட்டதும் உள்ளங்கையில் ஓர் உதறல் வரும். நேரான பழைய பாணி லாங்போவில் அது மணிக்கட்டுக்கு எரிச்சலூட்டும் அளவுக்குப் போகும். ரிகர்வின் நுனி முன்னோக்கி வளைந்திருப்பதால் அதே இழுவிசையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கிறது. அம்பு வேகமாகப் போகிறது. அதன் கைப்பிடியின் கனமே கையை அமைதிப்படுத்தும். குறை என்னவென்றால், அகன்று மெலிந்த கைகள் பிடியின் பிசகை மன்னிப்பதில்லை.

இரண்டையும் எடைபோட்டால் முதல் வில்லுக்கு நான் கழற்றி மாட்டும் ரிகர்வின் பக்கம்தான் சாய்வேன். காரணம் வேகம் இல்லை. முதுகுத் தசை வளர வளர, கைப்பிடியை வைத்துக்கொண்டு கைகளை மட்டும் மாற்றலாம். பழகிய பிடியும் பார்வையும் கலையாது. உள்ளுணர்வு முறைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரே துண்டாக இழைத்த அழகான லாங்போவுக்குக் காதல் இருக்குமானால் இரண்டு ஆண்டு கழித்து வாங்கிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது. குட்டையான குதிரைவில்லைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது கட்டைவிரலால் இழுப்பதற்கும் சேணத்தின் மேலிருந்து எய்வதற்கும் பிறந்தது. மூன்று விரலால் இழுத்தால் நாண் விரல்களை நசுக்கும். அதே காரணத்தால் ரிகர்விலும் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 28 அங்குலம் இழுப்பவருக்கு 62 அங்குல வில் மென்மையாக இருக்கும், 54 அங்குல வில் கடைசி இரண்டு அங்குலத்தில் சுவர்போல் விறைக்கும்.

வில்லுக்குக் கொட்டிய பணத்தில் பாதியாவது அம்புக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. லாங்போவின் கைப்பிடி நடுக்கோடு வரை குடையப்படாததால், அம்பு அதைச் சுற்றி நெளிந்துதான் வெளியேற முடியும். அம்பின் தண்டு அதிகம் விறைத்திருந்தால் வலக்கை வில்லாளியின் அம்பு இடப்பக்கம் போகும், குழைவாக இருந்தால் வலப்பக்கம். குறிகாட்டி வைத்திருப்பவர் அதை ஓரளவு ஈடுகட்டலாம். உள்ளுணர்வில் எய்பவரோ அந்தப் பிழையையும் உடம்புக்குப் பழக்கிவிடுவார், அம்பை மாற்றிய நாளில் எல்லாம் குழம்பிப்போகும்.

உள்ளுணர்வு முறையின் மேலும் ஒரு குறை சொல்ல வேண்டும். தவறினால் காரணம் தெரியாது. தூரத்தைத் தவறாக உணர்ந்தோமா, கை சரிந்ததா, நாண் விரலில் சிக்கியதா என்று பிரித்தறிய உள்ளுணர்வில் இடமில்லை. இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள், தூரம் சொல்லாத முப்பரிமாண விலங்கு உருவங்களுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் முப்பரிமாணப் போட்டிகளில் இவ்வகை வில்களுக்கு 30 மீட்டரே எல்லை. கள வில்வித்தையில் குறிகாட்டியற்ற வில்லுக்கு 50 மீட்டர் வரை இலக்கு உண்டு. அங்கே நொடிக்கு 50 மீட்டர் போகும் அம்பும் ஏறக்குறைய 5 மீட்டர் தாழ்கிறது. இதை உணர்ந்து எய்வேன் என்பது வீம்பு. ஹில்லே அம்பு நுனியை ஓரக்கண்ணால் இரண்டாம் குறியாகக் கொள்வதைத் தம் முறையாக விளக்கியவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நுனியைப் பார்ப்பதே பாவம் என்பவர்கள் இதைப் பேசுவதில்லை.

இந்தியாவில் குறிகாட்டியற்ற வில் என்றால் தேசியப் போட்டிகளின் இந்தியன் ரவுண்ட் நினைவுக்கு வரும். மூங்கில் வில், 50 மீட்டரும் 30 மீட்டரும், சமதளம். தூரம் தெரிந்த அந்த எய்தலுக்கும் காட்டுச் சரிவுக்கும் தேவைகள் வேறு. அங்கே நன்றாக எய்த வில்லை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் வெயிலுக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மரமும் கண்ணாடியிழையும் அடுக்கி ஒட்டிய வில்லை மூடிய காருக்குள் விட்டுவைத்தால் பசை இளகி அடுக்குகள் பிரியலாம். பழைய வில் வாங்குபவர் வில்லின் கைகளின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நாண் பூட்டியபின் நுனியிலிருந்து நோக்க, நாண் இரு கைகளின் நடுக்கோட்டிலும் ஓட வேண்டும். அப்படி ஓடாத வில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.