தாகம் தணிந்தால் போதுமா?

சிறுகுறிஞ்சான் இலை இரண்டைப் பறித்து நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பு துளியும் தெரியாது. மணலைப் போட்டதுபோல் நறநறக்கும். அரை மணி நேரமாவது இப்படியே இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைப் பற்றிக்கொள்கின்றன. இதைக் கண்டவர்கள் இந்தக் கொடியைச் சர்க்கரை நோயோடு சேர்த்து நினைத்ததில் வியப்பில்லை. கொல்லிமலையின் மலையாளிகள், இருளர், காணிக்காரர் என்று பழங்குடிகள் பலரிடம் இது நீரிழிவுக்கான மருந்து. ஆனால் நாக்கில் நடப்பது வேறு, இரத்தத்தில் நடப்பது வேறு. இலை இரத்தத்திலும் வேலை செய்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மலை வைத்தியரின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே வேலியில் பின்னிக் கிடக்கும் கொடிகளில் எது சிறுகுறிஞ்சான் என்பதை இலையின் மெல்லிய சுணையைத் தடவியே சொல்லிவிடுவார். எப்போது பறிப்பது, எப்படி உலர்த்துவது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். நோயாளி என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார் என்பதும் தெரியும், ஏனென்றால் இருவரும் ஒரே ஊர். அந்த மருத்துவம் சாமையும் கேழ்வரகும் உண்டு, மலைப்பாதையில் ஏறி இறங்கிய உடம்புகளில் பழகிய மருத்துவம். இன்று கொல்லிமலையில் சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி நிற்கிறது. ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்துவிட்டது. இலை அதேதான், உடம்பு மாறிவிட்டது.

குறை என்று நான் நினைப்பது வேறொன்று. அதைப் பற்றி இந்த மருத்துவத்தைப் போற்றுவோரும் பேசுவதில்லை, பழிப்போரும் பேசுவதில்லை. வைத்தியர் நோயை அறிவது அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், ஆறாத புண், சிறுநீரில் மொய்க்கும் எறும்பு ஆகியவற்றைக் கொண்டு. இரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் அது சிறுநீரில் வழிகிறது. வெறும் வயிற்றில் 250 இருந்த ஒருவருக்கு இலை அதை 170 ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாகம் தணியும், இரவில் எழுந்திருப்பது குறையும், எறும்பும் குறையும். வைத்தியர் நோய் தீர்ந்தது என்பார்; நோயாளியும் அப்படித்தான் சொல்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் 170 கட்டுப்பாடு ஆகாது. விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்புகள் வலியில்லாமல் கெட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி போன்ற இரத்தச் சோதனை இல்லாமல் இந்த ஆபத்தை முன்கூட்டி உணர எந்தக் கைப்பக்குவத்தாலும் முடியாது.

அப்படியானால் அறிவியல் தன் பங்கைச் செய்ததா? 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாத்திரை எடுத்துவந்த 22 பேருக்குச் சிறுகுறிஞ்சான் சாற்றை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை, போலி மாத்திரையோடு ஒப்பிடவில்லை. அதன்பின் வந்திருக்க வேண்டிய பெரிய ஆய்வு வரவில்லை. வந்தவை பெரும்பாலும் எலிகள்! கணையத்தை மருந்தால் கெடுத்த எலிக்குச் சாறு கொடுத்து, சர்க்கரை இறங்கியதும் ஒரு கட்டுரை. மலையேறி நாற்பது மூலிகைப் பெயர்களைக் குறித்துவந்து இன்னொரு கட்டுரை. இரண்டுக்கும் நடுவே மனிதர் அரிது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினின் கதை எதிர்த்திசையில் போனது. அதன் தொடக்கம் ஐரோப்பிய நாட்டு மருத்துவச் செடி ஒன்று. அதிலிருந்த கலீகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதே வேதிக் குடும்பத்தில் பாதுகாப்பான ஒன்றைத் தேடிப் பிடித்து, 1957இல் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது அந்த மருந்துதான்.

சிறுகுறிஞ்சான் அந்தப் பாதையில் போகாமல் நேராகக் கடைப் பொடியாகிவிட்டது. பொட்டலத்தில் எந்த மலையின் இலை, எவ்வளவு வீரியம் என்பது இல்லை. நாட்டு மருந்து என்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்தே கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே அத்தகைய மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழலாம். இன்சுலின் சுரக்காத முதல் வகை நோயுள்ள குழந்தைக்கு ஊசியை நிறுத்தி இலையைக் கொடுத்தால் சில நாட்களில் உயிரே போகும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பலன் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. 1999இல் நாவல், பாகல், கத்தரி, சிறுகுறிஞ்சான் கலவைக்கு அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. இங்கே 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பயன்பகிர்வைக் கட்டாயமாக்கியது. 2023இல் வந்த திருத்தம், ஏடுகளில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அதிலிருந்து விலக்களித்தது. சிறுகுறிஞ்சான் சித்த மருத்துவ நூல்களிலும் உள்ளது. ஆகவே அதை மலையில் காத்துவந்தவரின் பங்கைக் கேட்க இனி வழி குறுகல்.

2021இலிருந்து தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். மலைக்கிராமத்தில் பலர் அதோடு இலையையும் எடுக்கிறார்கள். திட்டுவார்களோ என்று மறைக்கிறார்கள். திட்டாமல் கேட்டு, எந்த இலை, எவ்வளவு, எத்தனை நாளாக என்று எழுதிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பார்த்தாலே, பெரும்பாலும் எலிகளோடு நின்றுபோன ஆய்வை மலை வைத்தியரையும் பங்காளியாக்கி மனிதரிடம் தொடரலாம்.