குறிப்பும் கட்டுரையும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதச் சொல்லும்போது, முன்னுரை, நடுவே சில சிறு தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புகளையும் வினாத்தாளே கொடுத்துவிடுவது நம் வழக்கம். பையன் அவற்றுக்கு இடையே வாக்கியங்களை இட்டு நிரப்புகிறான். மதிப்பெண் வந்துவிடுகிறது, கட்டுரைதான் வருவதில்லை.

எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்று தீர்மானிப்பதுதான் கட்டுரையில் கஷ்டமான காரியம். அந்தக் காரியத்தை மாணவனுக்கு முன்பே வினாத்தாள் செய்து முடித்துவிடுகிறது.

இதற்கு நம்மிடம் சாஸ்திரம் இல்லாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், பாயிரத்திலேயே பத்துக் குற்றம், பத்து அழகு, 32 உத்தி என்று வகுத்துவிடுகிறது. நுதலிப் புகுதல், தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் எல்லாம் அந்த உத்திகளில் சேர்ந்தவை. ஆனால் பவணந்தியார் மனத்தில் இருந்தவன் கற்றறிந்த நூலாசிரியன். அவனிடம் விஷயம் உண்டு. அடுக்கத் தெரிந்தால் போதும். பதினைந்து வயதுப் பையனுக்கோ தன்னிடம் விஷயம் இருப்பதே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள, பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி சொன்னார்: பத்து நிமிஷம், சரி பிழை பார்க்காமல், பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போக வேண்டும். வருவதில் பெரும்பகுதி குப்பைதான். ஆனாலும் இரண்டு வரி உயிரோடு கிடைக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு நன்னூலிடம் போகலாம்.

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நைட்டி தைப்பதற்குப் பேர்போன ஊர். அங்கே படிக்கும் ஒரு பெண்ணிடம் ‘உழைப்பின் உயர்வு’ என்று தலைப்பும் குறிப்பும் கொடுத்தால், எல்லா ஊர்ப் பெண்களும் எழுதுவதையே அவளும் எழுதுவாள். குறிப்பை அவளே தேடட்டும் என்று விட்டுப் பாருங்கள். துணி எங்கிருந்து வருகிறது, ஒன்று தைத்தால் கூலி என்ன, மின்சாரம் நின்றால் என்ன ஆகிறது, தைக்கிறவர்களுக்கு முதுகு ஏன் வலிக்கிறது என்று ஒரு தாள் நிறைந்துவிடும். ஒத்தவற்றைச் சேர்த்து, வேண்டாததை அடித்து, வரிசைப்படுத்தினால் பாதிக் கட்டுரை முடிந்தது. கத்தரி வைக்குமுன் துணியில் கோடு போட வேண்டும் என்று அந்த ஊர்ப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

திருத்துகிறவர்களுக்குப் பொது அளவு ஒன்று வேண்டும் என்பார்கள். நியாயம்தான். மாணவன் தானே போட்ட குறிப்புக்கு இரண்டு மதிப்பெண் என்று வைத்தால் அதுவும் ஓர் அளவுதானே?