ஆறு சில்லும் ஒரு லாண்ட்மாஸ்டரும்

நின்ற இடத்தில் நின்றபடியே சுழன்றது! போன சனிக்கிழமை பின்னேரம், நெளுக்குளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில், மூன்று கிலோ எடையுள்ள எங்கள் ரொபோ சீமெந்துத் தரையில் பம்பரமாய்ச் சுழன்ற காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ரொபோவைச் செய்த பெடியள் நாலு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

ரொபோப் போட்டி என்றதும் எல்லாரும் சென்சரையும் புரோகிராமையும் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் உயிர் டிரைவ்ட்ரெயினில்தான் இருக்கிறது. மோட்டரின் சுழற்சியைத் தரைக்குக் கொண்டுசேர்க்கும் மொத்த ஏற்பாடு அது. அது பிழைத்தால் எவ்வளவு கெட்டிக்காரப் புரோகிராமும் வழி தெரிந்தும் நடக்க முடியாத ஆள்தான். மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.டி. நிறுவனம் நடத்தும் ரோபோபெஸ்ட் போட்டியில் பாடசாலைப் பிரிவும் உண்டு. அப்படியொரு களத்தில் இறங்க வேண்டும் என்பதுதான் பெடியளின் கனவு.

முதலில் செய்த ரொபோவுக்கு நாலு சில்லு, நாலு மோட்டர். நேரே போகும்போது அழகோ அழகு. திருப்பினால் தவளைபோலக் குதிக்கும், மோட்டர் தொட முடியாமல் சுடும். அந்த நேரத்தில்தான் ஒழுங்கையில் லாண்ட்மாஸ்டர் உழவு மிசினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார் அடுத்த வளவு ஐயா. கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தார்.

“தம்பி, நாலு சில்லும் ஒரேயடியாய் நிலத்தைப் பிடிச்சா அது எப்பிடியடா திரும்பும்? என்ர மிசினுக்கு ரெண்டே சில்லு. இடதுபக்கக் கிளச்சை அமத்தினா இடது சும்மா நிக்கும், வலது இழுக்கும். திரும்பியிடும்.”

பொறியியல் பாடம் முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது! எங்கள் நாலு சில்லு வண்டி திரும்பும்போது முன் சில்லும் பின் சில்லும் பக்கவாட்டில் இழுபட வேண்டும். அந்த உராய்வுதான் பற்றறியைக் குடித்தது. இதற்கு அமெரிக்க மாணவர்கள் அருமையான மருந்து வைத்திருக்கிறார்கள். டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் முதல் ரொபோப் போட்டி 1992இல் 28 அணிகளோடு நடந்தது. பிறகு அந்தப் போட்டிகளில் கலிபோர்னியா அணிகள் பரப்பியதுதான் ‘வெஸ்ட் கோஸ்ட் டிரைவ்’. ஆறு சில்லு வைத்து, நடு இரண்டையும் ஒரு நூல் கீழே இறக்கிவிடுவார்கள். எந்த நேரமும் நடுச் சில்லு இரண்டும், முன்னாலோ பின்னாலோ இன்னொரு சோடியும் மட்டுமே தரையில் படும். நீள வண்டி, திரும்பும்போது குட்டை வண்டியாகிவிடும்!

அலுமினிய யன்னல் செய்யும் கடையில் மிஞ்சிய சட்டம் இரண்டு கிடைத்தது. நடு அச்சுக்கான துளையை மட்டும் 3 மில்லிமீற்றர் கீழே போட்டோம். பக்கத்துக்கொரு மோட்டர், நடுச் சில்லில் நேரடியாக. அங்கிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் பல்லுப் பட்டி. பழைய சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டிச் சில்லுக்கு மாட்டினோம். என்ன பிடி! 65 மில்லிமீற்றர் சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 20.4 சென்ரிமீற்றர் ஓடும். மோட்டர் நிமிடத்துக்கு 300 சுற்று. செக்கனுக்கு ஒரு மீற்றர் வரவேண்டும். சோக்கால் கோடு போட்டு ஓடவிட்டோம். கணக்கும் ஓட்டமும் கிட்டத்தட்ட ஒத்துப்போனபோது எனக்குப் புல்லரித்தது.

ஐயா அதோடு விடவில்லை. “இறக்கத்தில பாத்தியளோ? இறக்கத்தில இடதை அமத்தினா மிசின் வலதுக்குப் போகும். தெரியாதவன் வாய்க்காலுக்குள்ளதான்.”

பலகையைச் சாய்த்து வைத்து ரொபோவை இறக்கிப் பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே நடந்தது! இறக்கத்தில் லாண்ட்மாஸ்டரின் எஞ்சின் வண்டியைப் பிடித்துவைத்திருக்கிறது. கிளச் விட்ட பக்கம் சுதந்திரமாக உருண்டு முந்திக்கொள்கிறது. எங்கள் புரோகிராமும் திரும்பும் பக்கத்து மோட்டருக்கு மின்னை வெட்டிச் சும்மா உருளவிட்டிருந்தது. அதை மாற்றி, மோட்டரின் இரு முனைகளையும் அதை இயக்கும் டிரைவர் சர்க்கிட் வழியாகக் குறுஞ்சுற்றாக்கினோம். சுழலும் மோட்டர் தானே மின்னைப் பிறப்பித்துத் தன்னையே பிடித்து நிறுத்துகிறது. நாலே வரி மாற்றம்! ரொபோ பலகையில் சொன்னபடி இறங்கியது.

தொழினுட்பம் கொழும்பிலிருந்து பெட்டியில்தான் வர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் வயலில் ஓடும் மிசினைக் குனிந்து பாருங்கள். உதிரிப்பாகம் தபாலில் வரலாம். மூளை இங்கேயே இருக்கிறது.

ரொபோ பலகையில் சரியாக இறங்கிய அன்று பொழுதுபடும் நேரம் ரிமோட்டை ஐயாவின் கையில் கொடுத்தோம். பலகையின் உச்சியிலிருந்து ரொபோ இறங்கத் தொடங்கியது. இடப்பக்கம் திருப்ப நினைத்தவர், நாற்பது வருசப் பழக்கத்தில் வலது பொத்தானை அமத்திவிட்டார். ரொபோ வலப்பக்கமே திரும்பியது. எங்களில் சின்னவன் அவர் கையைப் பிடித்துச் சொன்னான்:

“இனி இறக்கத்திலயும் இடதெண்டா இடதுதான், ஐயா!”